லீ-என்ஃபீல்ட் நம்பர் 4: அறுத்த கட்டைக்கு ஒட்டா, மாற்றுக் கட்டையா?

இரண்டாம் உலகப் போர் முடிந்து மலிவாக விற்கப்பட்ட நம்பர் 4 என்ற பிரிட்டிஷ் இராணுவத் துப்பாக்கிகள் பலவற்றின் முன்கட்டையை (குழலுக்கு அடியில் ஓடும் மரம்), கனடாவிலும் அமெரிக்காவிலும் வேட்டைக்காரர்கள் நடுவளையத்தை (குழலையும் மரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்பு வளையம்) ஒட்டி அறுத்துவிட்டார்கள். பழைய வடிவுக்குக் கொண்டுவர மூன்று வழி உண்டு: அறுபட்ட கட்டைக்கே முன்துண்டு ஒட்டலாம், பழைய இராணுவக் கட்டை வாங்கலாம், புதிதாகக் கடைந்தது வாங்கலாம். முதலில் குழலைப் பாருங்கள். 25.2 அங்குலம் இல்லையென்றாலோ, பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் காதுகளை அரைத்திருந்தாலோ மரத்துக்குச் செலவழிப்பது வீண்.

விலையும் நிறமும் இரண்டாம்பட்சம். முடிவு செய்வது கட்டையின் பின்முனையில், பின்னுதைப்பைத் தாங்கும் இரண்டு சாய்முகங்கள். இரண்டும் துப்பாக்கியின் இரும்பு உடலோடு ஒரே சமமாகப் பொருந்த வேண்டும். ஒன்று மட்டும் தொட்டால் அந்தப் பக்கம் விரிசல் விழும். அறுபட்ட கட்டை அந்தத் துப்பாக்கிக்கே இழைத்ததாக இருந்தால் அந்தப் பொருத்தம் கையிலேயே இருக்கிறது. அதனால்தான் ஒட்டுப் பக்கம் சாய்கிறேன்.

பின்பக்கம் உடைந்த ஒரு கட்டையின் முன்துண்டு போதும். வால்நட்டுக்கு வால்நட், பீச்சுக்கு பீச். இணைப்பு நடுவளையத்துக்கு அடியில் மறைய வேண்டும். பழைய மரத்தில் எண்ணெய் ஊறியிருக்கும். அசிட்டோனால் துடைக்காமல் எபாக்ஸி (இரண்டைக் கலந்து பூசும் பசை) பூசினால் பிடிக்காது. உள்ளே மர ஆணி வையுங்கள், மெதுவாக இறுகும் எபாக்ஸி நல்லது. கோணலாக ஒட்டினால் குழல் பக்கவாட்டில் தள்ளப்பட்டு குறி விலகும். கட்டையின் நுனி குழலை 3 முதல் 5 பவுண்டு அழுத்தத்தில் மேலே தாங்க வேண்டும். ஸ்பிரிங் தராசால் இழுத்தே சரிபார்க்கலாம்.

சொந்தக் கட்டையின் பின்முனையே பிளந்திருந்தால் பழைய இராணுவக் கட்டைதான். நம்பர் 4-இன் முந்தைய வடிவமான மார்க் 1-க்கு உரியதை, பிந்தைய வடிவமான மார்க் 2-இல் அப்படியே மாட்ட முடியாது. மார்க் 1-இல் விசை, மரத்தோடு சேர்த்துத் திருகிய காப்பு வளையத்தில் தொங்குகிறது. மரம் சுருங்கினால் விசையின் இழுப்பும் மாறும். காப்பு வளையத்தின் முன் திருகைச் சுற்றிய உலோகக் குழாய் மரத்தைவிட நீண்டிருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் கட்டை ஆடும். விளக்குக் கரியை இரும்பில் பூசி மாட்டிக் கழற்றினால் சாய்முகம் எங்கே தொடுகிறது என்று தெரியும். பள்ளம் இருந்தால் கடின மரச் சில்லு ஒட்டுங்கள், நார்முனை (நார் குறுக்கே வெட்டுப்பட்ட முகம்) இரும்பைப் பார்க்கட்டும்.

புதுக் கட்டை கடைசி வழி. இழைப்பு வேலை அதில்தான் அதிகம். சரியாக உலராத மரமென்றால் பொருத்திய பிறகும் சுருங்கும்.

எதுவானாலும் வார்னிஷ் வேண்டாம், காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய்தான். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும்.