குபெர்னெட்டிஸ் கிளஸ்டருக்கு என்எஃப்எஸ்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கன்டெய்னர்களைப் பல இயந்திரங்களில் ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள் குபெர்னெட்டிஸ். அது ஓடும் எங்கள் கிளஸ்டர், அதாவது இயந்திரக் கூட்டம், கிளவுடில் இல்லை, அலுவலகத்திலேயே இருக்கிறது. பயனர்கள் ஏற்றும் படங்கள், பிடிஎஃப் அறிக்கைகள் போன்றவற்றை வெவ்வேறு நோடுகளில் (கிளஸ்டரின் இயந்திரங்கள்) ஓடும் பாட்கள் (செயலியின் கன்டெய்னர்கள்) ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் வேண்டும். செஃப் (Ceph) என்ற பல இயந்திரச் சேமிப்பு அமைப்பைப் போட்டுப் பராமரிக்க ஆளும் இல்லை, இயந்திரமும் இல்லை. அதனால் 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த, நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ்ஸையே எடுத்துக்கொண்டோம். சில வருடங்களாக ஓடுகிறது, எனக்கு முழுத் திருப்தி. ஆனால் அந்தத் திருப்தியில் பெரும்பங்கு குபெர்னெட்டிஸுக்கான யாமல் அமைப்புக் கோப்பில் எழுதியதால் வந்ததல்ல, அதற்கு முன்பு சர்வரிலும் நோடுகளிலும் செய்த வேலையால் வந்தது.

முதலில் மனதில் இருத்த வேண்டியது, மவுன்ட் செய்வது, அதாவது பகிர்வை இணைப்பது, பாட் அல்ல, நோடில் ஓடும் குபெர்னெட்டிஸின் கியூப்லெட் நிரல். இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உபுண்டு என்றால் என்எஃப்எஸ்-காமன், ரெட்ஹேட் வகை என்றால் என்எஃப்எஸ்-யூடில்ஸ், இந்த இரண்டு மென்பொருள் தொகுப்புகளில் ஒன்று எல்லா நோடுகளிலும் இருக்க வேண்டும். ஒரு நோடில் மட்டும் விடுபட்டால், அங்கே போய் விழும் பாட் மட்டும் ‘கன்டெய்னர் கிரியேட்டிங்’ நிலையிலேயே நிற்கும். மற்ற நோடுகளில் எல்லாம் சரியாக ஓடுவதால் காரணம் சட்டென்று பிடிபடாது. புது நோடு சேர்க்கும் ஸ்கிரிப்டிலேயே இதைச் சேர்த்துவிடுங்கள்.

யாருக்குப் பகிர்வது என்று எழுதும் சர்வரின் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் அனுமதிக்க வேண்டியதும் நோடுகளின் ஐபி வரம்பைத்தான், பாட்களின் வரம்பை அல்ல. அதேபோல, கிளஸ்டருக்குள் மட்டும் தெரியும் சர்வீஸ் பெயரைச் சர்வர் முகவரியாகக் கொடுத்தால் பொதுவாக நோடுக்கு அது தெரியாது. அலுவலக டிஎன்எஸ்ஸில் ஒரு பெயர் வைத்து அதைக் கொடுப்பது நல்லது. பிவியில் (பெர்சிஸ்டன்ட் வால்யூம், சேமிப்பிடத்தைக் குறிக்கும் குபெர்னெட்டிஸ் பதிவு) ஒருமுறை எழுதிய சர்வர் முகவரியைப் பிறகு மாற்ற முடியாது. பெயராக இருந்தால் நாளைக்குச் சர்வரின் ஐபி மாறினாலும் பிவிகளை அழித்து எழுத வேண்டியதில்லை. என்எஃப்எஸ் பதிப்பு 4 போதும். ஃபயர்வாலில் 2049 என்ற ஒரே போர்ட்டைத் திறந்தால் வேலை முடிந்தது. பதிப்பு 3 என்றால் 111-உம் வேண்டும், மவுன்ட்-டி போர்ட்டும் வேண்டும்.

அப்புறம் அனுமதிகள். நெடுநாள் ஓட்டத்தில் அதிக நேரம் கேட்டது இதுதான். ரூட் ஸ்குவாஷ் இயல்பாகவே இருக்கும், அதாவது பாட் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) எழுதினாலும் சர்வர் அதை 65534 எண்ணுள்ள ‘நோபடி’ ஆக்கிவிடும். எழுத முடியவில்லை என்றதும் பலர் நோ-ரூட்-ஸ்குவாஷ் போட்டுவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். ஒரு கன்டெய்னரில் ரூட் கிடைத்தவருக்கு அந்தப் பகிர்வு முழுவதும் திறந்துவிடும். ஒவ்வொரு செயலிக்கும் ஒரு நிலையான யூஐடி (பயனர் எண்) ஒதுக்கி, ‘ரன் ஆஸ் யூசர்’ வழியாகப் பாட்டை அந்த எண்ணில் ஓட்டி, சர்வரில் டைரக்டரியையும் அதே எண்ணுக்கு உரிமையாக்குங்கள். வால்யூமின் குழு உரிமையை மாற்றும் எஃப்எஸ்-குரூப் அமைப்பு பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். குபெர்னெட்டிஸின் உள்ளமைந்த என்எஃப்எஸ் வால்யூமில் அது உரிமையை மாற்றாது.

பிவிசியில் (செயலி சேமிப்பிடம் கேட்கும் கோரிக்கை) 5 ஜிபி என்று எழுதினால் 5 ஜிபியோடு நிற்கும் என்று நினைப்பதும் தவறு. அந்த எண் பொருத்தம் பார்க்க மட்டுமே, தடுப்பதற்கு எதுவும் கிடையாது. ஒரு செயலியின் லாக் பெருகினால் எல்லாருடைய இடமும் போய்விடும். சர்வரில் எக்ஸ்எஃப்எஸ் கோப்பமைப்பு வைத்து டைரக்டரிக்கு டைரக்டரி புராஜெக்ட் கோட்டா (இட வரம்பு) போட்டோம். அதற்குப் பிறகு அந்தக் கவலையே இல்லை.

மவுன்ட் ‘ஹார்ட்’ ஆகவே இருக்கட்டும். ‘சாஃப்ட்’ போட்டால் சர்வர் தடுமாறும் நேரத்தில் எழுதியது பாதியில் போய்க் கோப்பு கெடலாம். ஹார்டில் சர்வர் திரும்பி வரும்வரை செயலி காத்திருக்கும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தக் காத்திருப்பில் பாட்டை அழிக்கப் பார்த்தால் ‘டெர்மினேட்டிங்’ நிலையில் தொங்கும். பதற வேண்டாம், முதலில் சர்வரைப் பாருங்கள்.

பிவிகளைத் தானாக உருவாக்க என்எஃப்எஸ் சப்டிர் புரொவிஷனர் என்ற கருவியை வைத்திருக்கிறோம். நேம்ஸ்பேஸ் (கிளஸ்டரின் உட்பிரிவு), பிவிசி பெயர்களோடு சாதாரண டைரக்டரிகளாக எல்லாம் கண்முன் இருப்பதால் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் வைத்தே பேக்கப் எடுக்க முடிகிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ‘ஆர்க்கைவ் ஆன் டிலீட்’ வைத்திருந்தால் பிவிசியை அழித்தாலும் தரவு வேறு பெயரில் மிஞ்சும். அவ்வப்போது யாராவது உட்கார்ந்து சுத்தம் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

தரவுத்தளங்களை இதில் வைக்கவில்லை. எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் வால் (WAL) பதிவு முறை நெட்வொர்க் கோப்பமைப்பில் வேலை செய்யாது. கண்காணிப்பு மென்பொருளான புரோமிதியஸும் என்எஃப்எஸ்ஸை ஆதரிப்பதில்லை என்று அதன் ஆவணமே சொல்கிறது. அவை நோடின் உள்ளூர் டிஸ்க்கில் இருக்கின்றன. ஒரே சர்வர் என்ற பலவீனம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. கொஞ்ச நேரம் நின்றால் தாங்க முடியாத சேவை உங்களிடம் இருந்தால், அதற்கு இந்த அமைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.