ராஜாக்கள் கேக்: வடக்கா, தெற்கா?

ஜனவரி 6, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் திருநாள். அதையொட்டி பிரான்சில் மாதம் முழுக்க பேக்கரிகளில் ராஜாக்கள் கேக் பேச்சுதான். ஆனால் எந்த கேக் என்பது ஊரைப் பொறுத்தது.

பாரிஸ் பக்கம் என்றால் கலெத். நம் பஃப்ஸ் மாதிரி அடுக்கடுக்கான மாவு, உள்ளே பாதாம், வெண்ணெய், சர்க்கரை, முட்டை சேர்ந்த பூரணம். மேலே கத்தி நுனியால் கீறிய கோலம். வெட்டும்போதே பொருபொருவென்று உதிரும். சூடாகச் சாப்பிட்டால்தான் ருசி. தெற்கே புரோவான்ஸில் வளையமாகச் சுட்ட பிரியோஷ், அதாவது வெண்ணெயும் முட்டையும் சேர்த்த மெத்தென்ற ரொட்டி. ஆரஞ்சுப் பூ நீர் மணக்கும், மேலே சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்துண்டுகள் மின்னும். கண்ணுக்கு இதுதான் அழகு. என் நாக்கு கலெத் பக்கம்தான்.

இரண்டிலும் ஒரு பொம்மை ஒளிந்திருக்கும். பெயர் ஃபேவ், அதாவது மொச்சை வகைப் பயறு. முன்பு நிஜப் பயறு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பீங்கான். வீட்டின் கடைக்குட்டி மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளும். “இந்தத் துண்டு யாருக்கு?” என்று கேட்டால் பெயர் சொல்லும். கத்தி டக்கென்று பீங்கானில் பட்டாலும் அதற்குத் தெரியாதே! பொம்மை கிடைத்தவருக்குக் காகிதக் கிரீடம். தெற்கில் பொம்மையோடு காய்ந்த பயறும் வைப்பதுண்டு. அது வந்தால் அடுத்த கேக் உங்கள் செலவு. பல்லும் பத்திரம்.

அப்புறம், பிரான்ஸ் ஜனாதிபதி வசிக்கும் எலிசே மாளிகைக்குப் போகும் கலெத்தில் மட்டும் பொம்மை கிடையாது. குடியரசில் ராஜா ஏது?