பத்து நிமிடக் கூரை: மடிப்பு டிரெய்லரில் 64 இரவுகள்

விற்றவர் ஒற்றைக் கையால் கூரையைத் தூக்கிக் காட்டினார். "பத்து நிமிஷம் மேடம், வீடு ரெடி" என்றார். அதில் பொய் இல்லை. கூரை பத்து நிமிடத்துக்குள் எழும்பத்தான் செய்கிறது. ஆனால் கூரை எழும்புவது வேறு, வீடு தயாராவது வேறு. முதல் நாள் சாயங்காலம் எங்களுக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. கடைசி அரை மணி நேரம் டார்ச் வெளிச்சத்தில்.

வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. நானும் என் வீட்டுக்காரரும் இதில் 64 இரவுகள் படுத்திருக்கிறோம். கணக்கு சரிதான், கப்போர்டுக் கதவின் உட்புறம் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

எங்களுடையது துணி வகை இல்லை, கெட்டிச் சுவர் வகை. மடித்தால் என் கண்மட்டத்துக்குக் கீழே நிற்கும் தட்டையான பெட்டி. திறந்தால் இரண்டு விளையாட்டுச் சீட்டுகளை ஒன்றோடொன்று சாய்த்து வைத்த மாதிரி முக்கோணமாக நிற்கும். கூரை இரண்டு பாதி; ஒன்றுக்கு முன்பக்கம் கீல், இன்னொன்றுக்குப் பின்பக்கம். தூக்கிவிட ஸ்பிரிங் உண்டு. கூரை எழும்பிய பிறகு உள்ளே படுத்திருக்கும் இரண்டு முக்கோணச் சுவர்களையும் நிமிர்த்தித் தாழ்ப்பாள் போட வேண்டும். அவ்வளவுதான் அந்தப் பத்து நிமிடம்.

அதற்கு முன்னால் இருக்கிற வேலைதான் யாரும் கடையில் காட்டாதது. வண்டியைக் காரிலிருந்து கழற்றுவதற்கு முன்பே இடவலம் மட்டம் பார்த்துவிட வேண்டும். முன்பின் மட்டத்தை அப்புறம் முன்சக்கர ஜாக்கைச் சுற்றிச் சரிசெய்யலாம். இடவலம் அப்படி முடியாது. தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றினால்தான் உண்டு, அதற்குக் கார் வேண்டும். முதல் தடவை நாங்கள் முதலில் கழற்றிவிட்டோம். பிறகு ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன்.

"ஏங்க, இடப்பக்கம் தாழ்ந்திருக்கு."

"எவ்வளவு?"

"குமிழி வலது ஓரத்துக்கே ஓடிப்போச்சு."

திரும்பக் காரில் மாட்டச் சோம்பல்பட்டு, நான்கு மூலையிலும் இருக்கிற கால்களில் இடது இரண்டை மட்டும் சுற்றித் தூக்கப் பார்த்தார். அந்தக் கால்கள் ஆட்டத்தை நிறுத்தத்தான், எடையைத் தூக்க இல்லை. ஒரு கால் வளைந்தது. அதைவிடப் பெரிய வேடிக்கை, சட்டம் லேசாக முறுக்கிக்கொண்டு கதவு தாழ்ப்பாளில் விழவே இல்லை. அன்று இரவு கதவைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டுத் தூங்கினோம். இது வண்டியின் குறை இல்லை, எங்கள் குறை. ஆனால் கால்களில் "இதை வைத்துத் தூக்காதே" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம். ஒட்டவில்லை.

இப்போது வரிசை மனப்பாடம். மட்டம், சக்கரத்துக்குக் கட்டை, கழற்றுவது, ஜாக், நான்கு கால்கள், கூரை. கட்டை கொடுக்காமல் கொக்கியைக் கழற்றக் கூடாது என்பதை மட்டும் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வோம். "கட்டை?" "கட்டை."

கூரையில் கவனமாக இருக்க வேண்டியது காற்று. சுவர்கள் நிமிர்ந்து தாழ்ப்பாள் போடும்வரை அந்தக் கூரைப் பாதி ஒரு கப்பல் பாய்தான். ஸ்பிரிங் பாதி எடையைத் தாங்குகிறது என்ற தைரியத்தில் ஒரு தடவை பலத்த காற்றில் தூக்கினேன். திடீரென்று அடித்த காற்றில் பலகை என் கையைவிட்டு மேலே போய், அதே வேகத்தில் திரும்பி வந்தது. விரல் தப்பியது அதிர்ஷ்டம். இப்போது காற்றின் திசை பார்த்து வண்டியை நிறுத்துகிறோம். காற்று பலமாக இருந்தால் காரிலேயே உட்கார்ந்து காத்திருக்கிறோம். தோள்வலி உள்ள ஒருவர் தனியாக இதைத் தூக்கிவிடலாம் என்று விற்பவர் சொன்னால், காற்று வீசும் நாளில் வந்து தூக்கிப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்.

சரி, கூரை நின்றுவிட்டது. உள்ளே போனால் உட்கார இடம் இருக்காது. பயணத்தில் பையெல்லாம் தரையில்தானே கிடக்கும்? அவற்றை வெளியே எடுத்து, மெத்தைகளை விரித்து, மேல்பாதிக் கதவைக் கீழ்ப்பாதியோடு பூட்டி, மின்சார வயரைச் செருகி, தண்ணீர்க் குழாயை மாட்டி, கேஸைத் திறந்து... இப்போது எல்லாம் சேர்த்து 35 நிமிடம். அதற்குக் கீழே எங்களால் இறக்க முடியவில்லை. அதனால் ஓர் இடத்தில் குறைந்தது இரண்டு இரவு தங்காவிட்டால் இதைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். தினம் ஓர் ஊர் போகிறவர்களுக்கு இது தண்டனை.

குடியிருப்பது எப்படி என்று கேட்கிறார்கள். நிமிர்ந்து நிற்க இடம் உண்டு, ஆனால் நடுவகிடு மாதிரி ஒரே கோடு. அந்தக் கோட்டிலிருந்து ஓரடி முன்னாலோ பின்னாலோ போனால் என் வீட்டுக்காரருக்குத் தலை இடிக்கும். ஆறடி ஆள். முதல் வாரம் நெற்றியில் இரண்டு வீக்கம். ஒருவர் நகர வேண்டுமானால் இன்னொருவர் உட்கார வேண்டும், இதுதான் இந்த வீட்டின் சட்டம். சண்டை போட்டுக்கொண்டு எழுந்து அடுத்த அறைக்குப் போகிற வசதி இல்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை.

மேஜையை இறக்கினால் இரண்டாவது படுக்கை என்று விளம்பரத்தில் இருக்கும். உண்மைதான். ஆனால் தினமும் ராத்திரி இறக்கி, காலையில் ஏற்றி, மெத்தைத் துண்டுகளைப் புதிர் மாதிரி அடுக்கி... மூன்றே நாளில் அலுத்துவிட்டது. பின்பக்கப் படுக்கையை நிரந்தரமாக விரித்தே வைத்துவிட்டோம். மேஜை மேஜையாகவே இருக்கிறது. நான்கு பேர் படுக்கலாம் என்ற கணக்கைக் காகிதத்தோடு விட்டுவிடுங்கள். இது இரண்டு பேர் வண்டி. போன விடுமுறையில் மகன் வந்தபோது, இரண்டாம் நாளே வெளியே தனிக் கூடாரம் போட்டுக்கொண்டான்.

குளிர் ராத்திரிகளில் ஈரம் பெரிய தொல்லை. இரண்டு பேர் எட்டு மணி நேரம் மூச்சு விட்டால் நிறையத் தண்ணீர் காற்றில் சேர்ந்துவிடும். இவ்வளவு சின்னப் பெட்டியில் அது எங்கே போகும்? கூரைப் பலகையின் உட்புறத்தில் முத்து முத்தாக நிற்கும், சரிந்து தலைமாட்டுச் சுவரில் இறங்கும். மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோது அடிப்பலகையில் பூஞ்சை பூத்திருந்தது. மெத்தைக்கு அடியில் காற்று போக ஒரு சல்லடை விரிப்பு போட்டோம், மேலே உள்ள காற்றுத் துளையை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தோம். குளிரத்தான் குளிர்கிறது. ஆனால் பூஞ்சை திரும்பி வரவில்லை.

கேஸ் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. இந்த வண்டியின் கீழ்ப்பாதி ஒரு தொட்டி மாதிரிதானே? கசிந்தால் அங்கேயே தேங்கும். அதனால்தான் கசிவைக் காட்டும் கருவி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. அதன் முன்னால் செருப்பு, பை எதுவும் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவைக் காட்டும் கருவி எங்கள் வண்டியில் வரவில்லை. நாங்களே வாங்கி மாட்டினோம். இது வண்டியோடு வந்திருக்க வேண்டிய சாமான்.

ஃப்ரிட்ஜ் மூன்று வழியில் ஓடும்: கேஸ், வெளி மின்சாரம், 12 வோல்ட். கார் ஓடும்போது 12 வோல்ட், நின்றதும் கேஸுக்கு மாற்ற வேண்டும். ஒரு ராத்திரி மாற்ற மறந்தோம். அது கிட்டத்தட்ட 10 ஆம்பியர் இழுக்கும். எங்கள் பேட்டரி 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட். அதில் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். காலையில் விளக்குகூட எரியவில்லை. ஹீட்டர் கேஸில்தான் எரிகிறது, ஆனால் அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டுமே, அதுவும் நின்றுபோனது. பல் தந்தியடிக்க எழுந்தோம். இன்னொன்று, இந்த வகை ஃப்ரிட்ஜில் அம்மோனியாக் கரைசல் தானாக வழிந்து ஓடித்தான் குளிர் உண்டாகிறது. வண்டி சாய்ந்து நின்றால் ஓட்டம் தடைப்படும். மட்டம் பார்ப்பது தலையணை சரியாமல் இருக்க மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

இழுத்துப் போவதில் சுகம் உண்டு. தட்டையாக இருப்பதால் பின்கண்ணாடியில் சாலை தெரிகிறது, எதிர்க்காற்றில் கார் திணறுவதில்லை. ஆனால் ஒரு தடவை உயிர் போய் வந்தது. பின்பக்கம் இரண்டு சைக்கிள், அச்சுக்குப் பின்னால் இருக்கிற தொட்டியில் 40 லிட்டர் தண்ணீர். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் இறக்கத்தில் வண்டி வாலாட்ட ஆரம்பித்தது. அவர் பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். மெல்ல அடங்கியது. என் கை டாஷ்போர்டைவிட்டு வர இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

வீட்டுக்கு வந்து கொக்கியில் எவ்வளவு எடை விழுகிறது என்று பார்த்தோம். ஒரு கெட்டிப் பலகை. ஒரு முனை செங்கல் மேல், மறு முனை குளியலறை எடை இயந்திரத்தின் மேல். பலகையை மூன்றாகப் பிரித்து, செங்கலிலிருந்து முதல் பங்கு முடிகிற இடத்தில் வண்டியின் ஜாக்கை இறக்கினோம். இயந்திரம் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் எடை. 13 காட்டியது, அதாவது 39 கிலோ. நாங்கள் ஏற்றியிருந்தது எல்லாம் சேர்த்து வண்டியின் எடை 850 கிலோ. கையேடு கேட்பது அதில் 10 முதல் 15 சதவீதம். எங்களிடம் ஐந்துகூட இல்லை. சைக்கிளைக் கார் கூரைக்கு மாற்றி, தண்ணீரைப் போகிற இடத்தில் நிரப்புவது என்று முடிவு செய்து, சாமான்களை முன்னால் தள்ளினோம். 32 காட்டியது, 96 கிலோ. அதற்கப்புறம் வால் ஆடவில்லை.

பராமரிப்பு அதிகமில்லை. கூரை சேரும் இடத்து ரப்பர் பீடிங்கைத் துடைத்து சிலிக்கோன் மசகு போட்டால் போதும். நாங்கள் ஒரு வருடம் போடாமல் விட்டதில் ஒரு மூலை கிழிந்து, மழைத் தண்ணீர் சரியாக என் தலையணையைத் தேடி வந்தது. டயரின் தேதியைப் பார்க்கவும்: பக்கவாட்டில் 2318 என்று இருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. இந்த மாதிரி வண்டிகளில் டயர் தேய்ந்து போவதற்கு முன்னால் கிழடாகிப் போகும்.

கடைசியாக, மடிப்பது. விமர்சனம் எழுதுகிறவர்கள் திறப்பதைத்தான் படம் பிடிக்கிறார்கள். என்னைக் கேட்டால் மழை பெய்த காலையில் மடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தெரிந்தவர் ஒருவரிடம் துணி வகை இருக்கிறது. படுக்கைகள் இரண்டு பக்கமும் வெளியே நீளும், எங்களுடையதைவிட இரட்டிப்பு இடம். பொறாமையாகத்தான் இருக்கும். ஆனால் நனைந்த துணியை மடித்துக்கொண்டு போனால், வீட்டுக்குப் போன உடனே திறந்து காயவைத்தாக வேண்டும், இல்லையென்றால் பூஞ்சைதான். எங்களுக்கு ஒரு துண்டால் துடைத்தால் முடிந்தது.

மடிக்கும்போது சமையல் மேடைக்கு மேல் நான்கு விரல் உயரத்துக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. குழாயைச் சாய்த்தாயிற்றா, அடுப்பு மேல் பாத்திரம் இருக்கிறதா, தலையணை சரிந்து வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூரை பாரத்தோடு இறங்கும்போது அதற்குக் கண் கிடையாது. கப்போர்டுக் கதவில் கோடுகளுக்குப் பக்கத்தில் பதினொரு வரியில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். பன்னிரண்டாவது வரி அவர் கையெழுத்து, போன மார்ச்சில் எழுதியது: "அவள் மூக்குக்கண்ணாடி எங்கே?" புதுக் கண்ணாடி வந்து சேர ஒன்பது நாள் ஆனது.