ஒரு எழுத்துக்காக இரண்டு மீட்டர்

மன்னார்குடியில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் தம்பி நேற்று போனில் கேட்டான்: "அண்ணே, உங்ககிட்ட இருக்கிற யூனி-டி யுடி210 டாங் டெஸ்டர்லயே 'சி' விலை குறைஞ்சிருக்கு. வாங்கிடவா?" வாங்காதே என்று கத்தியேவிட்டேன். மூன்று வருடம் முன்பு நான் செய்த தப்பு அது.

டாங் டெஸ்டர் என்றால் வயரைக் கவ்வி ஆம்பியர் பார்க்கும் மீட்டர். யுடி210 என்ற எண் ஒன்றுதான், கடைசியில் ஏ முதல் ஈ வரை ஐந்து எழுத்து. உடம்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சி-யில் வெப்பநிலைகூடப் பார்க்கலாம் என்று போட்டிருந்ததால் அதுதான் உசத்தி என்று எடுத்தேன். நீடாமங்கலம் பக்கம் ஒரு சோலார் பம்பில் பேனல் வயரைக் கவ்வினேன். நல்ல வெயில், தண்ணீர் கொட்டுகிறது, மீட்டர் மட்டும் அசையவில்லை. பேனலிலிருந்து வருவது டிசி, அதாவது நேர் மின்னோட்டம். அந்த வரிசையில் டி-க்கும் ஈ-க்கும்தான் டிசி ஆம்பியர் உண்டு, மற்றதெல்லாம் ஏசி மட்டும். எழுத்தை மட்டும் வைத்து இதை எப்படிப் படிப்பது?

அப்புறம் ஈ வாங்கினேன். டி 200 ஆம்பியர் வரை போகும், அடுத்த எழுத்தான ஈ 100-தான். 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர், நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது அதைப்போல ஆறு மடங்கு. நம் வயல் மோட்டாருக்கு 100 தாராளம்.

ஆனால் ஈ-யில் 2 ஆம்பியர் ரேஞ்ச் ஒன்று இருக்கிறது, 1 மில்லி ஆம்பியர் வரை காட்டும். போன ஐப்பசி மழையில் ஒரு போர்செட் கொட்டகையில் பைப்பைத் தொட்டால் சுரீர் என்றது. மோட்டாருக்குப் போகும் மூன்று வயரையும் சேர்த்துக் கவ்வினேன். கசிவு இல்லையென்றால் மூன்றும் கழிந்து பூஜ்யம் வரவேண்டும். 38 மில்லி ஆம்பியர் காட்டியது. மெயினை இறக்கிவிட்டு மறுநாள் பம்பை ஏற்றினால், கேபிள் ஜாயின்ட் உரிந்து கிடந்தது. அந்தக் கொட்டகையில்தான் பிள்ளைகள் குளிப்பார்கள். அன்றிலிருந்து இந்த மீட்டர் இல்லாமல் நான் வேலைக்குக் கிளம்புவதில்லை.

டிசி பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் ஜீரோ பொத்தானை அழுத்தவேண்டும். அது ஒரு குறையே இல்லை.

இவ்வளவுக்கும், தம்பியிடம் அந்த வரிசையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவசரத்தில் அவன் எழுத்தை மாற்றி எடுத்துவிடுவான். எந்த மீட்டரானாலும் சரி, டயலில் ஆம்பியர் குறிப்புப் பக்கத்தில் நேர்கோடும் அதன் அடியில் விட்டுவிட்டு ஒரு கோடும் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்கச் சொன்னேன். ஃப்ளூக் கம்பெனி மீட்டர் எடுப்பதென்றால் 323, 324, 325 மூன்றில் டிசி ஆம்பியர் 325-க்கு மட்டும்தான்.

என் சி இன்னும் பெட்டியில் கிடக்கிறது. விற்க மனசு வரவில்லை.