ட்ரிக்கர் மென்மையாக: வீட்டுப் பாலிஷா, இலகு ஸ்பிரிங்கா?

பிஸ்டலின் ட்ரிக்கர் சொரசொரவென்று இழுபட்டால் வழி மூன்று: இருக்கும் பாகங்களைக் கையால் பாலிஷ் போடுவது, இலகுவான ஸ்பிரிங்கும் கனெக்டரும் (இழுவையின் முடிவில் ஊசியை விடுவிக்க உதவும் சிறு தகடு) வாங்கிப் போடுவது, தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுப்பது. கட்டுப்படியானால் மூன்றாவதே உத்தமம், அதில் பேச ஒன்றுமில்லை. என்னிடம் இருப்பது கிளாக். நான் எடுத்தது பாலிஷ், இன்னமும் அதன் கட்சிதான்.

இழுவையின் எடை வேறு, வழவழப்பு வேறு. கிளாக்கில் ஆலையிலிருந்து வரும் எடை சுமார் 2.5 கிலோ. பாலிஷ் போட்டால் அது பெரிதாக இறங்காது. போவது நடுவில் தட்டுப்படும் உறுத்தல். என் குறியைக் கலைத்ததும் எடையைவிட அந்த உறுத்தல்தான்.

எடையே குறைய வேண்டுமென்றால் ஸ்பிரிங்தான். சிக்கலும் அங்கேதான். ட்ரிக்கரை இழுக்கும்போது எதிர்த்து நிற்பது ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங், அதாவது தோட்டாவைத் தட்டும் ஊசியை முன்னே தள்ளும் ஸ்பிரிங். பிரைமரை (தோட்டாவின் அடியில், தட்டினால் தீப்பற்றும் சிறு மூடி) தட்டும் அடியைத் தருவதும் அதேதான். இலகுவாக்கினால் விரலுக்குச் சுகம், ஆனால் அடியும் தளரும். பிரைமர் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் தோட்டா வெடிக்காமல் போகலாம். உள்ளே அழுக்கும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் இன்னும் மோசம். காகிதக் குறியில் சுடுபவருக்கு அது எரிச்சல். தற்காப்புக்கு வைத்திருப்பவருக்கு உயிர்ப் பிரச்சினை. ட்ரிக்கர் ஸ்பிரிங் கதை தலைகீழ்: கிளாக்கின் வழக்கமான சுருள் ஸ்பிரிங் இழுவைக்கு உதவுகிறது, அதனால் வலுவானதைப் போட்டால்தான் இழுவை இலகுவாகும். இது தெரியாமல் எல்லாவற்றையும் இலகுவாக மாற்றினால் ஒரு கை கொடுத்ததை மறு கை பிடுங்கிக்கொள்ளும். பாலிஷில் இந்தத் தொல்லையே இல்லை. ஸ்பிரிங்குகள் ஆலை வைத்த பலத்திலேயே இருக்கும், அடி குறையாது. எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

செய்முறை சின்னதுதான். மேகஸினைக் கழற்றி, சேம்பர் (குழாயின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டுப் பிரியுங்கள். மெட்டல் பாலிஷ், பஞ்சுக் குச்சி, பொறுமை. ட்ரிக்கர் பார் (ட்ரிக்கரிலிருந்து பின்னால் போகும் தண்டு) சேஃப்டி பிளஞ்சரை (ட்ரிக்கரை இழுக்காதவரை ஊசியைத் தடுக்கும் சிறு முளை) தூக்கும் இடம், பிளஞ்சரின் முகம், கனெக்டரில் பார் வழுக்கும் முகம் என உரசும் இடங்களில் மட்டும். உப்புத்தாளும் சுழலும் மோட்டார் கருவியும் வேண்டாம். நோக்கம் பளபளப்பாக்குவது, உலோகத்தைத் தேய்த்தெடுப்பது அல்ல. ட்ரிக்கர் பார் ஸ்ட்ரைக்கரைப் பிடித்து நிறுத்தும் முகத்தைத் தொடவே தொடாதீர்கள். அதன் விளிம்பு மழுங்கினால் பிடி நழுவும், அப்புறம் அது துப்பாக்கியே அல்ல, ஆபத்து. முடித்ததும் பசையைச் சுத்தமாகக் கழுவி, பூட்டி, காலியாகவே எல்லாச் சேஃப்டியும் வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

சுத்தியல் வெளியே தெரியும் 1911 வகையில் நான் கை வைத்ததில்லை. அதில் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சியரும் சுத்தியல் கொக்கியும் கோணம் பிசகக் கூடாத பாகங்கள். நானாக இருந்தால் மெக்கானிக்கிடமே கொடுப்பேன்.

ஸ்பிரிங் கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு: பிடிக்காவிட்டால் பழையதை மாட்டிவிடலாம், தேய்த்த உலோகம் திரும்பாது. அதற்குத்தான் உபரியாக ஒரு கனெக்டர் வாங்கி, முதலில் அதில் கையைப் பழக்கிக்கொள்ளச் சொல்கிறேன்.