ரெட் இயர்ட் ஸ்லைடர் ஆமை: ஆணா, பெண்ணா?

வீட்டுக்குள் தொட்டியில் வளர்ப்பதென்றால் என் தெரிவு ஆண்தான். கல்லடியில் எங்கள் வீட்டில் நிற்பது ஆண். அக்கா குட்டியாக வாங்கியது வளர்ந்த பிறகுதான் பெண் என்று தெரிந்தது. பெலட் தீனி, கங்குன் இலை, ஏறி வெயில் காயக் கல், எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

வித்தியாசம் உடம்பில். ஆண் 10 சென்ரிமீற்றர் அளவிலேயே பருவத்துக்கு வந்துவிடும். பிறகு வளர்ச்சி மந்தமாகி, பெரும்பாலும் 15 முதல் 20 சென்ரிமீற்றருக்குள் நின்றுவிடும். பெண்ணுக்குப் பருவம் பிந்தி வரும், அதுவரை உடம்பு பெருத்துக்கொண்டே போகும். 25, 30 சென்ரிமீற்றர்கூட வரும்.

இது தண்ணீரில்தான் வந்து இடிக்கும். ஓட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 40 லீற்றர் என்பது ஆமை வளர்ப்பவர்களின் கணக்கு. 7 அங்குல ஆணுக்கு 280 லீற்றர், நாலடித் தொட்டியில் சமாளிக்கலாம். 11 அங்குலப் பெண்ணுக்கு 440. ஆமை மீனைவிடக் கூடக் கழிக்கும். பில்டர் ஓடினாலும் தண்ணீர் மாற்றாவிட்டால் வீடு நாறும். எங்கள் தொட்டியை நான் தனியாளாக வாளியால் இறைத்து மாற்றிவிடுவேன். அக்கா வீட்டில் கண்ணாடித் தொட்டி போதாமல் வளவில் சீமெந்துத் தொட்டி கட்டி, கிணற்று மோட்டர் போட்டுத்தான் கழுவுகிறார்கள். 20, 30 வருடம் உயிர்வாழும் பிராணி இது, அத்தனை வருடமும் இந்த வேலை இருக்கும். பெரிதாகிவிட்டதென்று வாவியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்க ஆமை, உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். நம்முடைய பாலாமையின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும்.

பெண் ஆண் துணையில்லாமலும் முட்டையிடும். கிண்ட மணல் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மணல் வளவு உள்ளவர்களுக்கு இது லேசு, அவர்கள் பெண்ணையே வளர்க்கலாம். அக்காவின் ஆமை இன்னும் முட்டையிடவில்லை, அந்தப் பராமரிப்பை நான் நேரில் கண்டதில்லை.

கடையில் குட்டியைக் காட்டி "இது ஆண்" என்றால் நம்ப வேண்டாம். முட்டை இருந்த சூட்டைப் பொறுத்துத்தான் ஆணா பெண்ணா என்பது அமையும். ஓடு 4 அங்குலம் வரும்வரை வெளியில் தெரியாது. வளர்க்க முடியாமல் கொடுக்கிறவர்களிடம் உள்ளங்கை அளவில் ஒன்றைத் தேடுங்கள், எங்களுடையது அப்படி வந்ததுதான். முன்கால் நகம் நீண்டு, வால் தடித்திருந்தால் ஆண். எங்களுடையது மிதந்தபடியே இரண்டு முன்கால்களையும் நீட்டி, நகங்களை விறுவிறென்று நடுக்கும். பெண்ணை மயக்கும் ஆட்டம் அது. அதற்காகச் சோடி சேர்த்து ஒரே தொட்டியில் விட்டுவிடாதீர்கள், ஆண் ஓயாமல் துரத்திப் பெண்ணைக் கடித்துக் காயப்படுத்தும்.