செட்டிநாட்டு இலைக்கு ஒரு மோசல் ரீஸ்லிங்

வரமிளகாய் போட்டு வதக்கும் செட்டிநாட்டு உப்புக்கறிக்கு என்ன ஒயின் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சிவப்பைத்தான் கை காட்டுவார்கள். கறி என்றால் சிவப்பு என்கிற அந்தக் கணக்கு காரைக்குடிப் பக்கம் பலிக்காது. சிவப்பில் இருக்கும் 13, 14 சதவீத ஆல்கஹால் மிளகாய்க் காரத்தை இன்னும் கிளப்பிவிடும். சிவப்பு ஒயினின் துவர்ப்பும் சேர்ந்தால் நாக்கு வறண்டுபோகும். இங்கே எடுபடுவது ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் விளையும் வெள்ளை ஒயின்: டாக்டர் லோசன் ப்ளூ ஸ்லேட் ரீஸ்லிங் காபினெட்.

டாக்டர் லோசன் என்பது தயாரிக்கும் நிறுவனம், ரீஸ்லிங் என்பது திராட்சையின் பெயர். காபினெட் என்பது பறிக்கும்போது பழத்தில் இருந்த சர்க்கரையை வைத்து ஜெர்மனியில் சொல்லும் தரநிலை. இதற்கு மேலே ஸ்பேட்லேசே, அதற்கும் மேலே அவுஸ்லேசே. சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறும் முன்பே நொதித்தலை நிறுத்திவிடுவதால் ஆல்கஹால் 8 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது, இனிப்பும் கொஞ்சம் தங்குகிறது. அந்த இனிப்பைத் திகட்டவிடாமல் பிடித்து வைப்பது ரீஸ்லிங்கின் கூர்மையான புளிப்பு. வேறு காபினெட் வாங்குவதாக இருந்தால் லேபிளில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 7.5க்கும் 9க்கும் நடுவில் இருந்தால் இனிப்பு உண்டு. ‘ட்ரோக்கன்’ என்று போட்டிருந்தால் அது இனிப்பில்லாத வகை, காரத்துக்கு உதவாது.

மூக்கருகே கொண்டுபோனால் முதலில் பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல். அடுத்து, பள்ளிக்கூடச் சிலேட்டை ஈரத்துணியால் துடைத்ததும் வருமே, அந்த வாசம். கொடிகள் நிற்பதே சிலேட்டுப் பாறைச் சரிவில்தான். சில வருடம் ஆன பாட்டிலில் லேசாக மண்ணெண்ணெய் வாடை வரும். ரீஸ்லிங்குக்கு அது இயல்பு, கெட்டுப்போனது என்று கொட்டிவிட வேண்டாம். அடியில் கற்கண்டுத் தூள்போலப் படிந்திருப்பதும் கண்ணாடிச் சில்லு அல்ல, திராட்சையின் அமிலம் குளிரில் உறைந்த படிகம்.

இலையில் இதற்கு முதல் ஜோடி நண்டு மசாலா. நண்டுச் சதையின் இனிப்பும் தேங்காய், சோம்பு, கசகசா அரைப்பும் ஒயினின் இனிப்போடு ஒட்டிக்கொள்ளும். மசாலாவின் எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பு வழித்துவிடும். கோழி மிளகு வறுவலும் தோதுதான். உப்புக்கறியில்தான் கவனம் வேண்டும். அரைக் கிலோ கறிக்குப் பத்து வரமிளகாய், அதுவும் விதையை உதறிவிட்டுப் போட்டால் ஒயின் ஈடுகொடுக்கும். விதையோடு கிள்ளிப் போட்டால் காரம் மட்டும்தான் மிஞ்சும், ஒயின் வெறும் எலுமிச்சைத் தண்ணீர் ஆகிவிடும்.

சைவத்தில் எதிர்பாராத பொருத்தம் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும். விருந்தாளிக்கு முதல் கிளாஸை இதோடு கொடுத்துப் பாருங்கள், நண்டுக்குக்கூடக் காத்திருக்க மாட்டார்கள்.

சேராதவையும் உண்டு. வெண்டைக்காய் மண்டி, புளி தூக்கலான மீன் குழம்பு, ரசம் ஆகியவற்றின் புளி ஒயினின் புளிப்பை மறைத்துவிட, சர்க்கரைத் தண்ணீர்தான் நாக்கில் நிற்கும். பால் பணியாரமும் கந்தரப்பமும் வந்தால் கதை தலைகீழ்: பலகாரம் ஒயினைவிட இனிப்பு, அதனால் ஒயின் புளித்துத் தெரியும். அதற்கு அவுஸ்லேசே வேண்டும்.

பெரும்பாலும் சொதப்புவது குளிர்ச்சியில். 8 முதல் 10 டிகிரியில் ஊற்ற வேண்டும். ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம் போதும். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல் உப்பு போட்டுக் கழுத்துவரை முக்கினால் இருபது நிமிடத்தில் தயார். தண்ணீர் இல்லாத வெறும் ஐஸ் பாட்டிலைச் சுற்றி ஒட்டாது, நேரம்தான் போகும். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் ஆல்கஹால் குறைவான இந்த ஒயின் சீக்கிரமே உறைந்து விரிந்து மூடியைத் தள்ளிவிடும். சித்திரை வெயிலில் வளவில் உட்கார்ந்து சாப்பிடும்போது கிளாஸை நிறைக்காதீர்கள். 75 மில்லி ஊற்றி, பாட்டிலை மறுபடி வாளிக்கே அனுப்புங்கள். கார் டிக்கியில் ஒரு மதியம் கிடந்த பாட்டிலை எவ்வளவு குளிரவைத்தாலும் வெந்த பழ வாசம் போகாது.

மிச்சத்தை இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும்.